ஸ்க்விட் மீப்பொருளை 4 கெல்வினில் ஸ்விட்ச் செய்து பார்ப்பது எப்படி

ஸ்க்விட் என்ற நுண்ணிய மீகடத்தி வளையங்களை அடுக்கிய சிப்பை நுண்ணலைத் துடிப்பால் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தள்ளுவதுதான் சோதனை. இதில் இறங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. மீகடத்தி வளையத்தில் காந்தப்பாயத்தின் அடிப்படை அலகான பாய குவாண்டம் 2.07 × 10⁻¹⁵ வெபர். அதை வளையத்தின் மாறுநிலை மின்னோட்டத்தால் (மின்தடையில்லாமல் அது தாங்கும் உச்ச மின்னோட்டம், நம் சிப்பில் 2 மைக்ரோஆம்பியர்) பெருக்கி 2π-ஆல் வகுத்தால் 6.6 × 10⁻²² ஜூல் வரும். ஒரு ஸ்க்விட்டை அசைத்துப் பார்க்கத் தேவைப்படும் ஆற்றல் இந்த வரிசையில்தான். 10 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையில் சுமார் 100 ஃபோட்டான்.

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் இவ்வளவு கொஞ்சத்துக்கே மசிகிற பொருள், நீங்கள் சொல்லும்போது மட்டும்தான் மசியும் என்று யார் சொன்னது? கட்டடத்து லிப்ட் அதை அசைக்கும். கேபிள் வழியே இறங்கும் சூடு அசைக்கும். தப்பான ஒரு திருகாணி அசைக்கும். ஆகவே வேலையில் முக்கால்வாசி, மற்ற எல்லாவற்றையும் வெளியே நிறுத்துவதுதான். நுண்ணலை வேலை மிச்சக் கால்வாசி.

நான் கோவையில் இசிஇ முடித்து, இப்போது தென்மேற்கு ஜெர்மனியில் ஒரு தாழ்வெப்பநிலை ஆய்வகத்தில் அளவீட்டுப் பொறியாளராக இருக்கிறேன். ஊரிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு, அலை எவ்வளவு கடந்து போகிறது என்று அதிர்வெண் வாரியாக அளக்கும் நெட்வொர்க் அனலைசர் பழக்கம்தான், காலேஜ் ஆண்டெனா லேபில் பார்த்திருப்பார்கள். சிப்பைக் குளிரில் வைக்கும் கலமான கிரையோஸ்டாட்டைக் கண்டால்தான் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. அலைநீளத்தைவிட மிகச் சிறிய அலகுகளை அடுக்கி, மொத்தத்தையும் ஒரே பொருள்போல அலைக்குக் காட்டுவது மீப்பொருள். 12 கிகாஹெர்ட்ஸ் அலைநீளம் 25 மில்லிமீட்டர். நம் அலகு 60 மைக்ரான். 2005-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஸ்டீவன் ஆன்லேகின் குழு நயோபியத்தில் பிளவு வளையங்கள் செய்து காட்டியது. அங்கே ஒத்ததிர்வை நகர்த்த வெப்பநிலையையோ காந்தப்புலத்தையோ மாற்ற வேண்டும். சூடாக்கி மாற்றுவதில் தொல்லை என்னவென்றால், ஏற்றிய சூட்டை மறுபடி இறக்க வேண்டும். வளையத்தில் ஒரு ஜோசப்சன் சந்தியை (இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு) வைத்தால் சூடே வேண்டாம் என்ற யோசனை 2006, 2007 வாக்கில் காகிதத்தில் வந்தது. 2013-இல் மேரிலாந்திலும், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் அலெக்ஸி உஸ்தினோவ் குழுவிலும் அளந்தே காட்டினார்கள். அடுத்த வருஷம் கார்ல்ஸ்ரூ குழு நானோநொடித் துடிப்புகளால் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தள்ளிக் காட்டியது. கீழே சொல்வது அந்த வகைச் சோதனைதான்.

வளையமும் அதன் எண்களும்

ஆர்எஃப் ஸ்க்விட் என்பது ஒரு மீகடத்தி வளையம், அதில் ஓரிடத்தில் ஒரு ஜோசப்சன் சந்தி. வளையத்துக்கு ஒரு மின்தூண்டல், சந்தியோடு சேர்த்து ஒரு மின்தேக்கி. ஆக, இது ஒரு எல்சி சுற்று. சந்தியும் ஒரு தூண்டல்போல நடந்துகொள்ளும். ஆனால் அதன் மதிப்பு, வளையத்தில் எவ்வளவு பாயம் இருக்கிறது, மின்னோட்டம் எவ்வளவு பலமாக ஆடுகிறது என்பதற்கேற்ப மாறும். நமக்குக் கிடைக்கும் பிடி இதுதான்.

நான் சிபாரிசு செய்யும் எண்கள்: 40 மைக்ரான் சதுர வளையம், 80 பிகோஹென்றி, 2 மைக்ரோஆம்பியர், 2.2 பிகோஃபாரட். மின்தூண்டலையும் மாறுநிலை மின்னோட்டத்தையும் 2π-ஐயும் பெருக்கி பாய குவாண்டத்தால் வகுத்தால் வருவது பீட்டா. இங்கே 0.49. பீட்டா கண்டிப்பாக 1-க்குக் கீழே இருக்கட்டும். தாண்டினால் நுண்ணலையே கொடுக்காதபோதும் வளையத்துக்குப் பல பாய நிலைகள் வந்துவிடும். எந்தத் தாவல் எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. முதல் சிப்பில் 0.4-க்கும் 0.6-க்கும் நடுவே நில்லுங்கள்.

சந்தி இல்லாமல் வளையமும் மின்தேக்கியும் மட்டும் ஆடினால் 12.0 கிகாஹெர்ட்ஸ். சந்தி சேர்ந்ததும், பாயம் பூஜ்யமாக இருக்கையில் இது √(1 + பீட்டா) மடங்கு உயர்ந்து 14.6 ஆகும். அரைக் குவாண்டம் பாயத்தில் √(1 − பீட்டா) மடங்காக இறங்கி 8.6. மின்தேக்கிக்கு 2.2 என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. டபிள்யூஆர்-75 அலைநடத்தி 7.87 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் அலையை விடும். அடுத்த அலைவகை 15.7-இல் வந்து சேரும். 8.6 முதல் 14.6 வரை முழு வீச்சும் இதற்குள் அடங்கிவிடுகிறது. வேறு அளவு அலைநடத்திதான் கையில் இருக்கிறது என்றால் மின்தேக்கியை மாற்றுங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

சிப்பை ஏதாவது ஒரு ஃபவுண்டரியில் (சிப் செய்துதரும் ஆலை) நயோபியம், அலுமினியம் ஆக்சைடு, நயோபியம் என்ற மூன்றடுக்கு முறையில் செய்து வாங்கலாம். சதுர சென்டிமீட்டருக்கு 100 ஆம்பியர் அடர்த்தி என்றால் சதுர மைக்ரானுக்கு 1 மைக்ரோஆம்பியர். சந்தி 2 சதுர மைக்ரான் இருந்தால் போதும். அவ்வளவு சின்னச் சந்தியின் சொந்த மின்தேக்கம் 0.1 பிகோஃபாரட் அளவில்தான் வரும். மீதியைத் தகட்டு மின்தேக்கியாகத் தனியே வரைந்துவிடுங்கள். 20-க்கு 20 என்று 400 வளையம் வைத்தால் மொத்தமும் 1.2 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும். மூலையில் கம்பி இணைக்க வசதியாக ஒன்றிரண்டு தனிச் சந்திகளையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தனிச் சந்தியை அறை வெப்பநிலையிலேயே அளக்கலாம். ஏறக்குறைய 900 ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் மின்னோட்டம் கணக்குப்படி இருக்கிறது என்று அர்த்தம். மேசையில் கிடக்கும் சாதாரண மல்டிமீட்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள்! அது ஓம் அளவில் 1 மில்லிஆம்பியர் வரை விடும். 900 ஓமில் அது 0.9 வோல்ட். ஒரு நானோமீட்டர் வரிசையில் தடிப்புள்ள ஆக்சைடு அதைத் தாங்காது. லாக்-இன் ஆம்ப்ளிஃபையரில் சில மில்லிவோல்ட் கொடுத்து அளவுங்கள், மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு. குளிர்காலத்தில் இங்கே கம்பளி ஸ்வெட்டரோடு சிப்பைத் தொட வருபவர்களை நான் கதவிலேயே நிறுத்திவிடுவேன்.

காந்தத்தை வெளியே நிறுத்துவது

நிறுத்தி நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். 40 மைக்ரான் சதுர வளையத்தில் ஒரே ஒரு பாய குவாண்டத்தை ஏற்ற 1.3 மைக்ரோடெஸ்லா போதும். பூமியின் புலம் இங்கே சுமார் 48 மைக்ரோடெஸ்லா, சென்னையில் 41 வாக்கில். சிப்புக்குச் செங்குத்தாக அது முழுதும் விழுந்தால் 37 குவாண்டம் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும்.

"காயில் வைத்து எதிர்ப்புலம் கொடுத்து அடித்துவிடலாமே?" என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஒற்றை வளையத்துக்கு அது சரி. 400 வளையத்துக்குச் சரிவராது. காயிலின் புலம் சிப்பின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 1 சதவீதம் வேறுபட்டால், 37 குவாண்டத்தில் அது 0.37 குவாண்டம். ஒரு முனையில் வளையம் பூஜ்யத்தில் இருக்கும்போது மறுமுனையில் இருப்பது அரைக் குவாண்டத்தை நெருங்கிவிடும். ஒத்ததிர்வு சிதறிப்போய் அனலைசரில் ஒன்றுமே தெரியாது. புலத்தை முதலில் ஷீல்டால் கொன்றுவிட்டு, மிச்சத்தைத்தான் காயிலால் திருத்த வேண்டும்.

வெளியே மியூ-மெட்டல் (காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் நிக்கல்-இரும்புக் கலவை) குப்பி, உள்ளே 4 கெல்வினில் மீகடத்திக் குப்பி. ஈயமோ நயோபியமோ எதுவானாலும் சரி. மீகடத்திக் குப்பி, தான் குளிரும்போது உள்ளே இருந்த புலத்தை அப்படியே உறையவைத்துவிடும். அதனால் மியூ-மெட்டல் இல்லாமல் அதை மட்டும் வைப்பது பிரயோஜனமில்லை. எங்கள் கட்டடத்துக்கு வெளியே டிராம் போகிறது. மேசையில் ஃப்ளக்ஸ்கேட் காந்தமானியை வைத்தால் ஒவ்வொரு வண்டியும் போவது வரைபடத்தில் மேடாகத் தெரியும். இரண்டு ஷீல்டுக்குள்ளும் அது தெரியாமல் போக வேண்டும்.

குப்பிக்குள் போகும் ஒவ்வொரு சாமானையும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தை மெல்லிய நூலில் கட்டித் தொங்கவிட்டு, சாமானை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். நூல் லேசாகச் சாய்ந்தால்கூடச் சாமான் வெளியே. இதைக் கிரையோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டாம், வேறு மேசையில். "துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் ஒட்டாது" என்று நம்பாதீர்கள். கடைந்ததும் வளைத்ததும் ஒட்ட ஆரம்பிக்கும். எஸ்எம்ஏ கனெக்டர்களில் தங்கப் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கும், பார்த்தால் தெரியாது, நூல்தான் காட்டிக்கொடுக்கும். திருகாணி பித்தளையில் இருக்கட்டும். அலையை ஒரே திசையில் விடும் ஐசொலேட்டருக்குள் காந்தமே இருக்கிறது, அதை விலக்கவும் முடியாது. ஷீல்டுக்கு வெளியே எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

சிப்பை அலைநடத்தியின் நடுவில், நீளவாக்கில், அகலச் சுவர்களுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். நடுவில்தான் நுண்ணலையின் காந்தப்புலம் வளையங்களை நேராக ஊடுருவும். பலர் நுரைத் துண்டில் பிளவு போட்டுச் செருகிவிடுவார்கள். நுரை வெப்பத்தைக் கடத்தாது. வெற்றிடத்தில் சிப் 4 கெல்வினுக்கு வந்ததா இல்லையா என்று சத்தியமாகத் தெரியாது. சிப்பை மெல்லிய சஃபையர் தகட்டில் அபியசான் கிரீஸ் தடவி ஒட்டி, தகட்டின் முனையைத் தாமிரத்தோடு இறுக்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

கேபிள்

உள்ளே போகும் வழியில் 50 கெல்வின் தட்டில் 20 டிபி, 4 கெல்வின் தட்டில் 20 டிபி அட்டெனுவேட்டர். ஒவ்வொன்றும் திறனை நூறில் ஒரு பங்காகக் குறைக்கும். அறையிலிருந்து இறங்கும் 300 கெல்வின் இரைச்சல் இதோடு 5 கெல்வினுக்குள் அடங்கிவிடும். வெளியே வரும் வழியில் ஐசொலேட்டர், அப்புறம் ஹெம்ட் என்ற குறை-இரைச்சல் ஆம்ப்ளிஃபையர். வரிசையை மாற்றினால் ஆம்ப்ளிஃபையரின் பின்னிரைச்சல் நேரே சிப்பில் போய் விழும். இந்தப் பகுதி எல்லா லேபிலும் ஏறக்குறைய ஒன்றுதான், கேட்டால் சொல்லித் தருவார்கள்.

குளிரவைத்தல், முதல் படம்

நயோபியம் 9.2 கெல்வின் வாக்கில் மீகடத்தியாகும். அந்த இடத்தைத் தாண்டும்போது காயிலின் கம்பியை மின்மூலத்திலிருந்து கழற்றியே வைத்துவிடுங்கள். பூஜ்யம் என்று முகப்பில் காட்டும் மின்மூலம் உண்மையில் பூஜ்யம் கொடுப்பதில்லை. வேகமாகவும் தாண்டாதீர்கள், வெப்பநிலை வேறுபாடு இருந்தால் வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்னோட்டம் பிறந்து, அதன் புலம் நயோபியத்தில் சுழலாக மாட்டிக்கொள்ளும். மாட்டிவிட்டால் ஒரே வழி, மறுபடி 10 கெல்வினுக்கு மேல் ஏற்றி இறக்குவதுதான். 12 கெல்வினில் இருக்கும்போதே ஒரு தடவை ஊடுகடத்தலை அளந்து சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லா அளவீட்டையும் இதனால் வகுத்தால் கேபிளால் வரும் ஏற்ற இறக்கம் போய்விடும்.

4 கெல்வினுக்கு வந்ததும் சிப்பில் −80 டிபிஎம் (10 பிகோவாட்) விழும்படி வைத்து, காயில் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 8.5 முதல் 15 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டுங்கள். மேலே வட்டமாக வளைந்து, கீழே கூர்மையாக இறங்கும் அலை அலையான கோடு தெரிய வேண்டும். மேல் வளைவு 14.6-க்குப் பக்கத்தில், கீழ்முனை 8.6-க்குப் பக்கத்தில். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு உள்ள காயில் மின்னோட்டம்தான் ஒரு குவாண்டம். இனி காயிலை ஆம்பியரில் பேசாமல் குவாண்டத்தில் பேசலாம்.

படம் கெட்டிருந்தால் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். கோடு தடித்து, பூஜ்யத்திலிருந்து விலக விலக இன்னும் தடித்தால் காயிலின் புலம் சீராக இல்லை. பல கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் சுழல்கள் மாட்டியிருக்கின்றன. மேல்முனை உயரமே வளையத்துக்கு வளையம் வேறுபட்டால் சந்திகள் ஒரே அளவில் இல்லை. அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை, ஃபவுண்டரிக்குத்தான் எழுத வேண்டும்.

இரண்டு நிலை, ஒரு துடிப்பு

பூஜ்யப் பாயத்தில், அதாவது மேட்டின் உச்சியில் நில்லுங்கள். அங்கே பாயம் கொஞ்சம் அலைந்தாலும் அதிர்வெண் நகராது. இப்போது திறனை −80-இலிருந்து ஏற்றிக்கொண்டே போங்கள். −60-ஐ ஒட்டி ஒத்ததிர்வு 14.6-இலிருந்து கீழே சாய ஆரம்பிக்கும். ஊஞ்சல் நன்றாக வீசி ஆடும்போது ஒரு சுற்றுக்கு நேரம் கூடுமே, அதே கதைதான். இன்னும் ஏற்றினால் ஒத்ததிர்வு கிட்டத்தட்ட மறைந்துபோய், சிப் இல்லாததுபோல அலை தாண்டிப்போகும் ஒரு கட்டம் வரும். மேரிலாந்து குழு 2015-இல் விரிவாக எழுதிய ஊடுருவு நிலை இதுதான். இன்னும் மேலே போனால் 12.0-இல் ஒத்ததிர்வு மறுபடி தலைகாட்டும்.

நமக்கு வேண்டியது சாய்வு தொடங்கும் இடம். அதிர்வெண்ணை 14.6-க்குச் சற்றுக் கீழே நிலையாக வைத்து, திறனை மட்டும் ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை அளவுங்கள். ஏறும்போது தாவும் இடமும் இறங்கும்போது தாவும் இடமும் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளிக்குள் ஒரே திறனில் இரண்டு நிலை நிலைத்து நிற்கும். ஒன்றில் அலை தடைபடும், இன்னொன்றில் கடந்து போகும். இடைவெளியே இல்லை என்றால் அதிர்வெண்ணை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோங்கள்.

சோதனை அலையை அந்த இடைவெளியின் நடுவில், உதாரணமாக −62 டிபிஎம்மில், நிறுத்திவிட்டுத் துடிப்பைச் சேருங்கள். ஒரே மூலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையில் வேக ஸ்விட்சும் கட்டமாற்றியும் வைத்து, கப்ளரில் மறுபடி சேர்ப்பதுதான் தொந்தரவில்லாத வழி. தனித்தனி மூலம் வைத்தால் கட்டம் நழுவி, ஒரு தடவை தள்ளும், ஒரு தடவை இழுக்கும். ஸ்விட்ச் மூடியிருக்கும்போதும் கசியும் என்பதை மறக்காதீர்கள். இரண்டை வரிசையாக வைத்தால் அடங்கும். துடிப்பின் நீளம் 10 நானோநொடி. தரக் காரணி 300 என்றால் வளையத்தின் ஆட்டம் அடங்க 6, 7 நானோநொடி ஆகும். அதைவிட மிகக் குட்டையான துடிப்பை வளையம் முழுசாக வாங்கிக்கொள்ளாது. திரும்பப் பழைய நிலைக்கு வர, சோதனை அலையைச் சில பத்து நானோநொடி நிறுத்தித் திரும்ப விட்டால் போதும்.

நிலை மாறியது சூட்டினால்தானோ என்று யாராவது கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். இரண்டு சோதனை போதும். அதே ஆற்றலுள்ள துடிப்பை 1 கிகாஹெர்ட்ஸ் தள்ளிக் கொடுங்கள்; நிலை மாறக்கூடாது. மாறிய நிலை, சோதனை அலை இருக்கும்வரை அப்படியே நிற்கிறதா பாருங்கள். சூடு என்றால் தானாக ஆறிவிடும். 400 வளையமும் ஒரே நேரத்தில் தாவும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஊடுகடத்தல் படிப்படியாக ஏறுவதுதான் வழக்கம்.

ஆற்றலைக் கணக்கெழுதும்போது

−60 டிபிஎம் துடிப்பு 10 நானோநொடி என்றால் சிப்பின் இடத்தில் 10⁻¹⁷ ஜூல். இதைத்தான் எழுத வேண்டும். 400-ஆல் வகுத்து வளையத்துக்கு இவ்வளவு என்று எழுதினால் அழகாகத் தெரியும். ஆனால் அந்தத் துடிப்பை 400-இல் ஒரு பங்காகக் குறைத்தால் எதுவுமே மாறாது. சோதனை அலையையும் சேருங்கள்: −62 டிபிஎம் என்பது 0.63 நானோவாட். நிலையை 1 மைக்ரோநொடி பிடித்துவைத்தாலே துடிப்பைப்போல 63 மடங்கு செலவு. அந்தத் துடிப்பு சிப்புக்கு வரும் வழியில் 4 கெல்வின் அட்டெனுவேட்டரில் அதைப்போல 100 மடங்கைச் சூடாக விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது. ஹெம்ட் 10 மில்லிவாட் எடுக்கிறது என்றால், துடிப்பின் அந்த 10 நானோநொடியில் மட்டும் 10⁻¹⁰ ஜூல், அதாவது துடிப்பைப்போல ஒரு கோடி மடங்கு. இதெல்லாம் போக, 4 கெல்வினில் ஒரு வாட் சூட்டை வெளியேற்ற பல்ஸ் டியூப் கூலர் சுவரிலிருந்து 7 முதல் 10 கிலோவாட் இழுக்கிறது. ஏற்கெனவே 4 கெல்வினில் ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்குள், ஓர் ஏற்பிக்கோ ஒரு குவாண்டம் சிப்புக்கோ பக்கத்தில் இந்த ஸ்விட்சை வைத்தால்தான் கணக்கு நியாயமாகும். அறை வெப்பநிலைக் கருவிக்காக இதை மட்டும் தனியே குளிரவைப்பதில் அர்த்தமில்லை.

மாறுநிலை மின்னோட்டத்தைக் குறைத்து இன்னும் சிக்கனம் பிடிக்கலாமே என்று தோன்றும். 0.2 மைக்ரோஆம்பியருக்கு இறங்கினால் ஆற்றல் அளவு 6.6 × 10⁻²³ ஜூல், 4.2 கெல்வினில் வெப்பத்தின் ஆற்றலே 5.8 × 10⁻²³. துடிப்பே கொடுக்காமல் நிலை தானாகப் புரள ஆரம்பிக்கும். அங்கே போக வேண்டுமானால் நீர்ப்புக் குளிரூட்டி (டைலூஷன் ரெஃப்ரிஜரேட்டர்) வேண்டும். அதன் 100 மில்லிகெல்வின் தட்டில் சில நூறு மைக்ரோவாட் சூட்டுக்குத்தான் இடம். அட்டெனுவேட்டர்களை மறுபடி பங்கிட்டு, கேபிளை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். கையில் 4 கெல்வின் கூலர் மட்டும்தான் என்றால் 2 மைக்ரோஆம்பியரிலேயே நின்றுகொள்ளுங்கள்.